முகத்துக்குச் செலவழிக்கக் காசு கம்மியா? சன்ஸ்கிரீனில் போடுங்கள்

பெங்களூரில் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வாடகை கட்டி, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, மிச்சத்தில் முகத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கிற தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இந்த மூன்று போதும். அதிலும் பாதிக்கு மேல் காசு சன்ஸ்கிரீனுக்குப் போகட்டும். விலை உயர்ந்த சீரம் வாங்கி வைத்துக்கொண்டு சன்ஸ்கிரீனைப் பட்டாணி அளவு தடவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

"இங்கேதான் வெயிலே இல்லையே அக்கா" என்பார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், காற்று குளுகுளுவென்று அடிப்பதால் சூடு உறைக்காதே தவிர புற ஊதாக் கதிர் அதனால் குறைந்துவிடாது, லேசான மேகமூட்டம் இருந்தாலும் அது இறங்கத்தான் செய்யும். சில்க் போர்டு சிக்னலில் தினமும் ஸ்கூட்டியில் நிற்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். கன்னத்தில் மங்கு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் அதைக் கருக்கச் செய்யும். அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்கிரீன்தான் அவர்களுக்குச் சரி.

ட்யூபில் போட்டிருக்கிற எஸ்பிஎஃப் எண் 30 என்றால், தோலைச் சுட்டெரிக்கிற யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் 97 சதவீதம் வரை தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம். யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும் என்பதற்கான குறி பிஏ+++, அது இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அளவு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தால் 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்துக்குள் தீரும். அதனால் ட்யூப் விலையைப் பார்க்காதீர்கள், கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பிதுக்கியும் வராதபோது கத்தரியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் ஒட்டியிருப்பது இன்னும் சில நாளுக்கு வரும்.

போர்வெல் தண்ணீர் வருகிற பிஜியில் பக்கெட் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் சோப்புப் போட்டால் சரியாக அலசாது, முகம் இழுத்துப் பிடிக்கும். காலையில் வெறும் தண்ணீர், ராத்திரி மட்டும் நுரை அதிகம் வராத சாதாரண ஃபேஸ்வாஷ். ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். அதுவும் முடியாத மாதம் மெடிக்கலில் கிளிசரின் வாங்கித் தண்ணீர் கலந்து தடவுங்கள், உதட்டுக்கும் குதிகாலுக்கும் பெட்ரோலியம் ஜெல்லி. உடம்புக்குத் தேய்த்துக் குளிக்கப் பயத்தமாவு நல்லதுதான். எலுமிச்சம்பழம் மட்டும் முகத்துப் பக்கமே வேண்டாம், அத்தனை புளிப்பைத் தோல் தாங்காது. தடவிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகிக் கறுத்தே போகலாம்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. எங்கள் பிஜியில் ஒரு பெண், கடைக்காரர் கொடுத்தார் என்று ஒரு க்ரீமை மாதக்கணக்கில் தடவினாள். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. அப்புறம் ஒரு நாள் தடவாவிட்டாலும் சிவந்து எரியும், கன்னத்தில் மெல்லிய ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்தன, தாடையில் பூனைமுடி. அது ஸ்டீராய்டு. இந்த வகைப் பூச்சுகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது, இருந்தும் கைக்குக் கிடைக்கிறது. ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்காமல் முகத்தில் வைக்காதீர்கள். ஏற்கெனவே ரொம்ப நாள் தடவியிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் போதும், அதிக சதவீதம் எரிச்சலைத்தான் கூட்டும். தலையணை உறையும் துண்டும் வெளுத்துவிடும், வெள்ளைத் துணியாக எடுத்துக்கொள்ளுங்கள். பரு பெரிதாகி வடு விழ ஆரம்பித்தால் கடையில் புதிது புதிதாக வாங்கிக்கொண்டிருக்காமல், சிவாஜிநகர் பௌரிங் மாதிரி அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் போய்ப் பாருங்கள். ஓபி சீட்டுக்கு ஆகிற செலவு ஒரு சீரம் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. போகும்போது இதுவரை தடவிய ட்யூப் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.