காந்தளூரில் ஐந்து இரவுகள்: ஈர விறகும் இரும்பு அடுப்பும்

கேரளத்தில் மறையூருக்கு மேலே இருக்கும் காந்தளூரிலிருந்து நேற்று இரவுதான் வீடு திரும்பினேன். சட்டையில் புகை வாசம் இன்னும் போகவில்லை. அந்த விறகு வியாபாரி மீதுள்ள கோபமும் போகவில்லை. நன்றாகக் காய்ந்த விறகு என்று சொல்லி 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் இறக்கிவிட்டுப் போன ஒரு ஜீப் பாரம் கிராண்டிஸ் (ஒரு வகை யூகலிப்டஸ்) விறகில், பாதிக்கு மேல் வெட்டி ஒரு மாதம்கூட ஆகியிராத பச்சை மரம். மின்சாரக் கம்பி எட்டாத மலை வீட்டில், தை மாதக் குளிரில், விறகை மட்டுமே நம்பிப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை இருக்க முடியாது.

கல்லூரித் தோழன் ஒருவன் காந்தளூருக்கு மேலே, மரத்தோப்பை ஒட்டிய ஒரு மண்சுவர் வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். சித்திரையிலிருந்து அங்கேயே தங்கப்போகிறவனுக்கு அடுப்பு வைத்துக் கொடுப்பதற்காகத்தான் போனேன். உடுமலையில் ஒரு பட்டறையில் கனத்த இரும்புத் தகட்டில், கதவும் காற்றுத் துளையும் வைத்து, 5,200 ரூபாய்க்கு அந்த அடுப்பைச் செய்து வாங்கினோம். புகைக்குழாய்க்குத் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயே போதும் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அடுப்பை ஒட்டிய பகுதியில் சூடு ஏறும்போது அந்தப் பூச்சு புகையாகி மூச்சுக்குக் கேடு செய்யும். பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாய் கொஞ்சம் விலை கூடுதலென்றாலும் அதுவே சரியானது.

உடுமலையிலிருந்து ஒன்பதாறு சோதனைச்சாவடி, சின்னாறு வழியாக மறையூர் வரை பேருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறையூரிலிருந்து அடுப்போடு மேலே ஏற ஜீப் பிடித்ததில்தான் பணம் கரைந்தது. ஏறும்போது 800 ரூபாய் என்று பேசிய ஓட்டுநர், இறங்கும்போது இரும்புச் சுமைக்குத் தனி, மண்பாதைக்குத் தனி என்று 1,400 ரூபாய் கேட்டுப் பிடிவாதமாக நின்று வாங்கிக்கொண்டார். சுமையையும் கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதையையும் முதலிலேயே சொல்லி, மொத்தமாக ஒரே தொகை பேசிவிட்டு ஏறுங்கள். இன்னொன்று: மறையூர் சந்தன மரக்காடுகள் இருக்கும் ஊர். வழியில் கிடக்கும் ஒரு சுள்ளியைக்கூட அடுப்பெரிக்க ஆகுமென்று எடுத்துப் பையில் போட வேண்டாம். வனத்துறையின் சோதனை அங்கே கடுமையானது, அது நியாயமானதும்கூட. விறகு வேண்டுமென்றால் பட்டா நிலத்துக்காரரிடம் விலைக்கு வாங்குவதே முறை.

முதல் இரவு அடுப்பு பொருத்தப்படவில்லை. குளிர் தாங்காமல் தோழன் ஒரு இரும்புச் சட்டியில் தணலை அள்ளிக்கொண்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். எங்கள் நட்பில் அவனிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. தணல் புகையாது, அதனால் தீங்கில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். மூடிய அறையில் கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். தலைவலியும் குமட்டலும் வரும்போது விழித்திருந்தால் வெளியே ஓடலாம். தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்திருக்கவே முடியாது. கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இறந்துபோன செய்தி அந்த நிமிடம் என் மனத்தில் வந்து நின்றது. சட்டியை முற்றத்தில் கொட்டி அணைத்துவிட்டு, இருந்த கம்பளிகளைப் பங்கிட்டுப் படுத்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு அறைக்குள் வெப்பமானி 8 டிகிரி காட்டியது.

தோழனிடம் 150 ஆம்பியர்-மணி (ஏ.எச்.) பேட்டரியும் இரண்டு சோலார் பலகைகளும் இருக்கின்றன. அதில் ஒரு மின்சார ஹீட்டர் போட்டால் என்ன என்று அவன் கேட்டான். மலையில் குடியேற நினைக்கும் பலரும் இதைக் கேட்பதால் கணக்கை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்த 12 வோல்ட் பேட்டரியில் நிரம்பிய நிலையில் 1,800 வாட்-மணி மின்சாரம் இருக்கும். ஈய-அமில பேட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம்; அதாவது 900. ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்துவிடும், அதன்பின் விளக்கும் இருக்காது. ஆனால் ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய 4 யூனிட், அதாவது 4,000 வாட்-மணி, வெப்பம் இருக்கிறது. மூடிய அடுப்பில் அதில் பாதி அறைக்குக் கிடைத்தாலும் 2 யூனிட். அந்தப் பேட்டரியிலிருந்து எடுக்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஒரே ஒரு கிலோ கட்டையில்! சோலார் என்பது எல்.இ.டி. விளக்குக்கும் கைப்பேசிக்கும் மட்டும். ஐந்து வாட் விளக்கு ஐந்து, ஐந்து மணி நேரம் எரிந்தாலும் 125 வாட்-மணிதான் ஆகும். மூன்று நாள் மூடுபனி இருந்தாலும் சமாளிக்கலாம்.

இரண்டாம் நாள் குழாயைக் கூரைக்கு வெளியே ஏற்றினோம். தகரக் கூரை என்பதால் ஓட்டை போட்டு, சுற்றிலும் தகட்டு வளையம் வைத்து அடைத்தோம். புல் வேய்ந்த கூரையாக இருந்தால் அப்படிச் செய்யவே கூடாது. சுவர் வழியாக வெளியே கொண்டுபோய்க் கூரையை விட்டு நன்றாகத் தள்ளி மேலே ஏற்ற வேண்டும். குழாயின் தலை கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயரமாக இருந்தால்தான் காற்று திரும்பும்போது புகை உள்ளே இறங்காது. எல்லாவற்றையும் சரியாகச் செய்து, மாலை ஆறு மணிக்குத் தீ மூட்டினோம். அரை மணி நேரத்தில் அறை முழுவதும் புகை. கட்டையின் வெட்டுமுனையில் நுரை கொப்புளித்து, நீர் சொட்டி, அடுப்பின் தரையில் சீறியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு நாங்கள் ஊதுகுழலை ஊதி ஊதிக் களைத்துப்போனோம்.

புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வந்தார். மறையூர், காந்தளூர் முதலான ஐந்து ஊர்கள் சேர்ந்த அஞ்சுநாட்டின் பழங்குடும்பத்தவர், பேச்சில் மதுரைப் பக்கத்து இழுவை இன்னும் இருக்கிறது. ஒரு கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே, "இது எரியாது தம்பி, அழுதுக்கிட்டுத்தான் இருக்கும்" என்றார். பிறகு தன் வீட்டு இறவாணத்துக்கு அடியில் அடுக்கியிருந்த விறகிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். கணீரென்று ஓசை வந்தது. எங்களுடையதைத் தட்டினால் ஈரத் துணியை அடித்தது போல மந்தமாக ஒரு சத்தம். அவருடைய கட்டைகளின் வெட்டுமுனையில் நடுவிலிருந்து விளிம்பு வரை கீறல் கீறலாக வெடிப்புகள் ஓடியிருந்தன. பட்டை கைபட்டதும் உதிர்ந்தது. தட்டிப் பார்க்காமல் இனி ஒரு கட்டைகூட வாங்கமாட்டேன்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் வெப்பம் வீணாகிறது. மிச்சத் தீயும் சூடேறாமல் புகைந்து, குழாயின் உட்புறத்தில் கீல் போன்ற கரியைப் படியவைக்கிறது. அந்தப் படிவு பின்னொரு நாள் அடுப்பின் சூட்டில் தீப்பிடிக்கலாம். அதனால் விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை பொறுத்தாக வேண்டும்; பிளந்து, மழை படாமல், காற்று ஓடும்படி அடுக்கினால் அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். கிராண்டிஸ் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தபின் கோடாரி இறங்காது என்றும் பாட்டி சொன்னார். அந்த மரத்தோப்புகள் பெருகியபின் மலை ஊற்றுகள் வற்றிவிட்டதாக அந்தப் பக்கத்து விவசாயிகள் வருந்துகிறார்கள். வெட்டப்படுகிற அந்த மரமே விறகாவதில் எனக்கு ஒரு நிறைவு உண்டு.

அன்றிரவு பாட்டி வீட்டில் சாப்பிட்ட கேப்பைக் களியையும் பூண்டுக் குழம்பையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காந்தளூர்ப் பூண்டு சிறியது, காரமும் மணமும் கூடியது. குழம்பில் முழுப் பல்லாக வெந்து கிடந்ததை நாக்கால் அழுத்தினாலே கரைந்தது. தோட்டத்தில் அன்று பறித்த பீன்ஸ் பொரியல் வேறு. ஆவி பறக்கும் களியை விரலால் குழித்துக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டபோது உள்ளங்கால் வரை சூடு இறங்கியது. பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். விறகுக்கு மட்டும் கட்டுக்கு 150 ரூபாய் வீதம் நான்கு கட்டுக்கு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் இரவு அந்த விறகில் அடுப்பு சத்தமில்லாமல் எரிந்தது. ஆனால் அதற்கு முன், பகல் முழுவதும் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியைச் சாக்கும் மண்ணும் வைத்து அடைத்தோம். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுப்புக்குக் காற்று வேண்டுமென்பதால் கதவடியில் மட்டும் இரண்டு விரல் இடைவெளி விட்டோம். இரவு பத்து மணிக்கு வெப்பமானி 19 டிகிரி காட்டியது. விடியற்காலையிலும் 13க்குக் கீழே இறங்கவில்லை. படுக்கையைப் பொறுத்தவரை, மேலே மூன்றாவது கம்பளி போர்த்துவதைவிடக் கீழே இரண்டு சாக்கும் ஒரு தடித்த பாயும் போடுவதே பலன் தந்தது. மண்தரை உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. இரவுக்கான விறகைப் பொழுது சாயுமுன்பே உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யானையும் காட்டுமாடும் நடமாடும் இடத்தில் இருட்டில் விறகுக்காக வெளியே போவது அறிவுடைமை ஆகாது.

அடுப்பு, குழாய், ஜீப், வீணான விறகு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. நினைத்ததைவிட 3,000 கூடுதல். அந்தப் பச்சை விறகைத் திருப்பி எடுத்துக்கொள்ள வியாபாரி மறுத்துவிட்டதால், கடைசி இரண்டு நாட்களும் அதைப் பிளந்து, கிழக்குச் சுவரோரம் கல் வைத்து உயர்த்தி, மேலே மட்டும் தகரம் போட்டு அடுக்கினோம். வரும் மார்கழிக்கு அது ஆகும். சித்திரையில் மறுபடி போகும்போது குழாயின் உட்புறத்தைத் துடைக்க ஒரு கோணிப்பையும் நீளக் கயிறும் கொண்டுபோக வேண்டும்.