கன்னத்து வெள்ளைத் திட்டும் பயொப்சியும்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். புகையிலை சேர்க்காமல் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும் போடுகிறவர்களின் வாய்க்கு ஒன்றும் வராது என்ற எண்ணம் எங்கள் தோட்டங்களில் பரவலாக உண்டு. நானும் புகையிலை தொடாதவன். கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில்தான், இடது கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று இருப்பதைப் பல் வைத்தியர் கண்டார். எனக்கு அதில் வலியும் இருக்கவில்லை, எரிவும் இருக்கவில்லை.

அவர் முதலில் மருந்துத் துணியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்துப் பார்த்தார். பூஞ்சைத் தொற்றினால் வரும் வெண்படலம் பெரும்பாலும் துடைத்தால் போய்விடும் என்றும், இது போகவில்லை என்றும் சொன்னார். உடைந்த பல்லின் கூர் உராய்ந்தும் கன்னம் வெளுக்கக்கூடும் என்பதால், பல்லைப் பிடுங்கி, பக்கத்துப் பல்லின் விளிம்பையும் தேய்த்துவிட்டு, வெற்றிலையை அன்றே நிறுத்தச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். திட்டு அப்படியே இருந்தது. ‘லியூகோபிளாக்கியா’ என்பது வேறு காரணம் எதுவும் பொருந்தாத வெள்ளைத் திட்டுக்கு வைத்தியர்கள் இடும் பெயர் மாத்திரமே. உள்ளே என்ன நடக்கிறது என்பதை, இழையத்தில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்துப் பரிசோதிக்கும் ‘பயொப்சி’ செய்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று விளக்கி, பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார்.

கடிதம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான தடை தொடங்கியது. “கத்தி பட்டா நோய் கெளம்பிரும், சும்மா இருக்கிறத ஏன் கிண்டுறீங்க?” என்று லயத்தில் பெரியவர்கள் பலர் தடுத்தார்கள். என் மனைவிக்கும் அதே பயம்தான். இந்தக் கேள்வியை நான் பேராதனையில் நேராகவே கேட்டேன். பரிசோதனைக்காக வெட்டுவதால் புற்றுநோய் உண்டாவதில்லை. ஏற்கனவே முற்றிய நிலையில் வந்து பயொப்சி செய்துகொண்டவர்கள் பின்னர் இறந்துபோவதைப் பார்த்துத்தான் ஊரில் கத்தியின் மேல் பழி விழுகிறது என்று அங்கிருந்த வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். இதைத் தோட்டம் தோட்டமாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே.

அங்கே திட்டை மட்டும் பார்க்கவில்லை. நாக்கின் பக்கங்கள், நாக்கின் அடி, அண்ணம் எல்லாவற்றையும் பார்த்து, கழுத்தில் கட்டி உண்டா என்று தடவி, வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் அளந்தார்கள். பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னச் சதை இறுகி வாய் திறக்க முடியாமற்போகும் வேறொரு நோயும் வருமாம். புகையிலையே கலக்காத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியிருப்பதை அங்கேதான் அறிந்தேன்.

என் திட்டின் ஒரு மூலையில் வெள்ளைக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சமமான வெள்ளையைவிடச் சிவப்புக் கலந்த இடமே அதிகம் கவனிக்க வேண்டியது என்பதால், துண்டை அங்கிருந்தே எடுத்தார்கள். சீனி வருத்தம் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறேனா என்று முன்னரே கேட்டிருந்தார்கள். இடத்தை விறைக்கச் செய்யும் ஊசி குத்தும்போதுதான் வலித்தது. அதன் பிறகு இழுப்பது தெரிந்ததே தவிர வலி தெரியவில்லை. எடுத்த சிறு துண்டை ஃபோர்மலின் போத்தலில் இட்டு, என் பெயர் எழுதி ஒட்டி, காயத்துக்குத் தையல் போட்டார்கள். அன்று சூடான தேநீர் கூடாது, காரம் கூடாது. ஆறிய கஞ்சியோடு இருந்தேன்.

முடிவு வருவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்தத் துண்டை மெழுகில் பதித்து, மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிப்புள்ள சீவல்களாக வெட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றி, நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு, காத்திருப்பது சற்று எளிதாயிற்று.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. “ஐயா, இது கேன்சர் இல்லை, ஆனா சும்மா விடவும் ஏலாது” என்று சிங்கள வைத்தியர் தமிழிலேயே சொல்லி, தாளில் படம் வரைந்து காட்டினார். வாயின் உட்பரப்பை மூடும் மேலணி இழையத்தில் செல்கள் ஒழுங்கு கெட்டிருப்பது அடி மூன்றிலொரு பங்கோடு நின்றால் பொதுவாக அது இலேசான நிலை, நடுப்பங்கு வரை ஏறினால் நடுத்தரம், அதற்கும் மேலே போனால் கடுமை. அடியிலுள்ள மென்படலத்தை உடைத்துக் கீழே இறங்கினால்தான் புற்றுநோய். எனக்கு நடுத்தர நிலை. நான் எதிர்பார்த்துப் போனது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதிலை. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே உண்மையான பதில் என்பதை அந்தப் படம் புரிய வைத்தது.

திட்டு முழுவதையும் வெட்டி எடுப்பதென்று முடிவாயிற்று. எடுத்த பகுதி முழுவதும் மறுபடி பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. முதல் துண்டு எடுத்த இடத்தைப் பற்றி மட்டுமே உறுதியாகச் சொல்லும். பக்கத்தில் மோசமான இடம் ஒளிந்திருக்கலாம் என்பது அதற்குக் காரணம். இரண்டாவது அறிக்கையிலும் நடுத்தர நிலையே வந்தது, ஊடுருவல் இல்லை.

திட்டு மீண்டும் வரக்கூடும் என்பதால் மூன்று மாதத்துக்கொருமுறை கிளினிக்குக்குப் போகிறேன். இரண்டு வாரத்தில் ஆறாத புண், தொட்டால் கல்லாக இறுகியிருக்கும் இடம், புதிதாகத் தோன்றும் சிவப்பு, கழுத்துக் கட்டி ஆகிய இவற்றில் எதைக் கண்டாலும் கொடுத்த திகதி வரை காத்திராமல் உடனே வர வேண்டும் என்று கிளினிக் கொப்பியின் அட்டையில் எழுதித் தந்திருக்கிறார்கள்.