எனக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு மட்டக்குதிரை

கல்யாணத்துக்கு முன்பு எட்டு வருஷம் குதிரை ஏறியவள் நான். பிள்ளைகள் பிறந்த பிறகு அது விட்டுப்போனது. பெரியவளுக்கு எட்டு வயதும் சின்னவனுக்கு ஐந்து வயதும் ஆனபோது, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே குதிரை வாங்கலாம் என்று வீட்டில் முடிவானது. இரண்டு குதிரைக்குத் தீனி போட எங்களால் முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி தாண்டி ஒரு லாயத்தில் மாத வாடகைக்கு இடம் பேசிவிட்டுத் தேட ஆரம்பித்தோம். சரியான குதிரை கிடைக்கப் பதினோரு மாதம் ஆனது. இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

குதிரையின் உயரத்தைக் கைக்கணக்கில் சொல்வார்கள். ஒரு கை என்பது நான்கு அங்குலம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும், தரையிலிருந்து அதுவரை அளக்க வேண்டும். 14.2 கை வரை இருந்தால் மட்டக்குதிரை. புள்ளிக்குப் பின்னால் வருவது மிச்ச அங்குலம், ஆகவே 14.2 கை என்றால் 58 அங்குலம். எனக்கு 15 கை, பிள்ளைகளுக்கு 11 கை, நடுவில் 13 கையில் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். உயரத்தை மட்டும் பார்த்த அந்தக் கணக்கு தப்பு என்று புரிய இரண்டு குதிரைகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் வந்தது, பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட ஓர் ஐந்து வயதுக் குதிரை. சென்னையில் குதிரை வேண்டும் என்று வாய் திறந்தாலே இப்படி ஒன்று தேடி வரும். கிட்டத்தட்ட இலவசம். பளபளவென்று, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத அழகு. ஆனால் 15.3 கை உயரம். இரண்டு வயதிலேயே ஓடுவதற்குப் பழக்கப்பட்ட உடம்பு அது. பொறுமையாகத் திரும்பப் பழக்கினால் அருமையாக மாறும் குதிரைகள் உண்டு, எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு ஆள் வேண்டும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். என் மகன் அதன் முழங்கால் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தபோதே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது நேர் எதிர். கடற்கரையில் சவாரிக்கு விடும் குட்டை ரகம், 11 கை. பிள்ளைகள் இரண்டு பேரும் துள்ளிக் குதித்தார்கள். இதையே வாங்கியிருப்போம். லாயத்தில் இருந்த வயதான குதிரைக்காரர்தான் தடுத்தார். "குழந்தைங்க மட்டும் ஏறுற குதிரை ஆறு மாசத்துல கெட்டுடும்மா. புல்லுக்குக் குனிஞ்சா புள்ளையால தலையைத் தூக்க முடியாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் போற வழியெல்லாம் மேயும். பெரியவங்க ஏறி நேர் பண்ணிட்டே இருக்கணும்."

நான் தேடிக்கொண்டிருந்தது என்ன என்று அந்தப் பேச்சில்தான் எனக்கே தெளிந்தது. அம்மாவும் ஏறக்கூடிய குதிரை என்பது என் ஆசைக்காக மட்டும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் நான் ஏறிச் சொன்னதைக் கேட்க வைத்தால்தான், நாலாவது நாள் அது என் பிள்ளைக்குப் பத்திரமான குதிரையாக இருக்கும். ஆகவே உயரம் அல்ல, என் எடையை அது தாங்குமா என்பதே முதல் கேள்வி.

பொதுவாகச் சொல்லும் வரம்பு இது: ஏறுபவர், சேணம் எல்லாம் சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான் 54 கிலோ, சேணம் 7 கிலோ, மொத்தம் 61. அப்படியென்றால் குதிரை 305 கிலோவாவது இருக்க வேண்டும். அதற்காகப் பீப்பாய் மாதிரி அகன்ற குதிரையாகப் பார்த்து வாங்கவும் முடியாது. அகலமான முதுகில் ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள், கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். முழங்கால் சேணத்தைப் பிடிக்காது, குதிரை லேசாகத் திரும்பினாலே பிள்ளை சரியும். எலும்பு கெட்டியாக, விலா ஒடுக்கமாக, கால் குட்டையாக ஒரு குதிரை வேண்டும். இது கிடைக்கத்தான் அத்தனை மாதம் ஆனது.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்கும் போனோம். வாங்காவிட்டாலும் ஒருமுறை போக வேண்டிய இடம். மார்வாரி, கத்தியவார், நாட்டுக்குதிரை என்று வரிசையாகக் கட்டியிருந்தார்கள். காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொண்டிருந்தால் மார்வாரி அல்லது கத்தியவார் ரத்தம் என்று தெரிந்துகொள்ளலாம். தரகர்கள் துண்டுக்கு அடியில் கைகோத்து விரலைப் பிடித்து விலை பேசினார்கள். எல்லோரும் முதலில் பார்த்தது சுழி. நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, எத்தனை சுழி என்பதை வைத்தே விலை ஏறுகிறது, இறங்குகிறது. என் மாமியாருக்குச் சுழியில் நம்பிக்கை உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளை ஏறப்போகும் குதிரைக்கு நான் பார்க்க விரும்பிய விஷயங்கள் வேறு. அங்கே எனக்குக் காட்டியவை பெரும்பாலும் ஆண் குதிரைகள், கூட்டத்திலும் மேளச் சத்தத்திலும் முறுக்கேறி நின்றவை. அந்தச் சூழ்நிலையில் எந்தக் குதிரையின் இயல்பான குணமும் தெரியாது. கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

இதற்கிடையில் குதிரை விற்கும் ஒருவரிடம் ஏமாற இருந்தோம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார், நாங்கள் ஒன்பதேகாலுக்கே போய்விட்டோம். குதிரை சாதுவாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மகளை ஏற்றப் போகும்போது, அதன் முதுகில் சேணம் வைத்த இடம் மட்டும் வேர்வையில் நனைந்து கருத்திருப்பதைக் கவனித்தேன். விடியற்காலையில் நன்றாக ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். கேட்டதற்குக் "குளிப்பாட்டினோம்" என்றார். குளிப்பாட்டினால் சேணத்தின் வடிவத்திலா ஈரம் இருக்கும்? அன்றிலிருந்து சொன்ன நேரத்துக்கு நான் எங்கேயும் போனதில்லை. ஒரே குதிரையை மூன்று வெவ்வேறு நேரங்களில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

திருப்போரூர் பக்கம் ஒரு தோப்பில்தான் மல்லியைப் பார்த்தோம். செவலை நிறம், நெற்றியில் நீளமாக வெள்ளைக் கோடு, காது லேசாக வளைந்த கலப்பினப் பெண்குதிரை. 13.1 கை. பெரியவர் ஒருவர் பேரப்பிள்ளைகளுக்காக வைத்திருந்தது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள்.

எடை தெரிய வேண்டுமே. நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழ வந்துவிடும். தையல்காரர் டேப்பைக் கொண்டுபோயிருந்தேன். அது 150 சென்டிமீட்டர்தான், மல்லியின் நெஞ்சைச் சுற்றிவரப் போதவில்லை. தோப்பில் கிடந்த சணல் கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, தரையில் நீட்டி அளந்தோம். 160. நீளம் 145. கணக்குப் போட்டால் 312 கிலோ. எனக்குப் போதும், ஆனால் விளிம்பில்தான் இருக்கிறேன். நான் எடை கூடினால் மல்லி மேல் ஏறக் கூடாது என்பதை அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை சொல்லாமல் நடுப்பகலில் போனோம். மல்லி வேப்பமரத்தடியில் அவிழ்ந்து நின்றது. நான் கயிற்றோடு நடந்து போனேன், திரும்பிப் பார்த்தது, விலகவில்லை. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்பைப் பார்த்தேன். பின்னங்காலில் மட்டும் கொஞ்சம் தயங்கி, பிறகு கொடுத்தது. சேணத்தின் வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்குகிறதா என்று பார்த்தேன், இல்லை. மகன் வேண்டுமென்றே எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டான். தலையைத் தூக்கியது, ஓரடி நகர்ந்தது, அப்புறம் தட்டை முகர்ந்து பார்க்க வந்தது. நான் தேடியது இந்த மூன்றாவது செயலைத்தான். எதற்குமே அசையாத குதிரை என்று ஒன்று கிடையாது. பயந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்பதுதான் கேள்வி. தண்ணீர் லாரி, சாவு மேளம், பட்டாசு எல்லாம் இருக்கிற ஊரில் இது ரொம்ப முக்கியம்.

மூன்றாவது தடவை நான் அரை மணி நேரம் ஏறினேன். புழுக்கமான காலை. இறங்கியதும் கழுத்தும் நெஞ்சும் நன்றாக வேர்த்திருப்பதைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நம் ஊர் உப்புக்காற்றில், உழைத்த பிறகும் வேர்க்காமல் மூச்சு வாங்கும் குதிரைகள் உண்டு. உடம்புச் சூடு வெளியேறாமல் அவை சுருண்டுவிடும், அப்படிப்பட்டதை வாங்கவே கூடாது.

கால்நடை மருத்துவரை நாங்களே அழைத்துப் போனோம், விற்பவர் சொல்லும் மருத்துவர் வேண்டாம். கண், இதயம், மூச்சு பார்த்தார். ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் கெட்டித் தரையில் ஓட வைத்தார். ஓடும்போது தலை மேலும் கீழும் ஆடினால் எங்கேயோ வலி என்று அர்த்தம். பிறகு வாயைத் திறந்தார். பெரியவர் எட்டு வயது என்று சொல்லியிருந்தார். மேல்தாடையின் ஓரத்து வெட்டுப்பல்லில் ஒரு பழுப்புப் பள்ளம் ஈறிலிருந்து இறங்கும். அது பத்து வயதையொட்டித்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கும், பதினைந்தில் பாதிப் பல் வரை வந்துவிடும். மல்லிக்கு அது ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. "பன்னிரண்டு சொல்லலாம்" என்றார் டாக்டர். பெரியவர் சங்கடப்பட்டார். எனக்கோ சந்தோஷம். பிள்ளைகளுக்குப் பத்து வயது தாண்டிய, உலகத்தைப் பார்த்த குதிரைதான் வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுக் குதிரையும் சேர்ந்து கற்றுக்கொள்ளவே கூடாது.

ரத்தப் பரிசோதனையை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும், உயிருக்கே ஆபத்து. மாதிரி ஹரியானாவில் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போய் முடிவு வரும்வரை நாங்கள் முழுப்பணம் கொடுக்கவில்லை. ரணஜன்னி ஊசி குதிரைக்கும் போட்டோம், எங்கள் மூன்று பேருக்கும் சரிபார்த்துக்கொண்டோம்.

பத்து நாள் எங்கள் லாயத்தில் வைத்துப் பார்க்கப் பெரியவர் சம்மதித்தார். அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். மூன்றாம் நாள் மகள் கொண்டுபோன கேரட்டுக்காக மல்லி அவள் சட்டைப் பையைக் கடித்து இழுத்துவிட்டது. காயம் இல்லை, ஆனால் அழுதுவிட்டாள். அன்று முதல் கேரட், வெல்லம் எதுவானாலும் தீனி வாளியில்தான், கையில் கிடையாது. ஒரு வாரத்தில் அந்தப் பழக்கம் நின்றது.

தீனியில் நானும் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். குதிரை என்றாலே கொள்ளு என்று ஊறவைத்து வாளி வாளியாகப் போட இருந்தேன். இந்த மாதிரி குதிரைகள் கொஞ்சம் தின்றாலே உடம்பு வைத்துவிடும், தானியம் கூடினால் குளம்புக்குள் வீங்கி நடக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்தார். இப்போது புல்தான் முக்கியம், கூடக் கொஞ்சம் குதிரை மசால் என்ற தீவனப்பயிர், கொள்ளு ஒரு கைப்பிடி. தினமும் காலையில் குளம்பைத் தொட்டுச் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது மகளின் வேலை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வருவார்.

இவ்வளவுக்கும் பிறகு சேணம்தான் எதிர்பாராத செலவு. என் சேணத்தில் மகன் உட்கார்ந்தால், கால் வைக்கும் வளையமான அங்கவடியின் வாரை எவ்வளவு சுருக்கினாலும் கால் எட்டவில்லை. பிள்ளைகளுக்குத் தனியாகக் கான்பூரில் செய்த சிறிய சேணம் ஒன்று வாங்கினோம். அங்கவடியில் முன்பக்கம் மூடி வைத்தது கிடைத்தது, விழுந்தாலும் கால் உள்ளே நுழைந்து சிக்காது. மல்லியின் கழுத்தில் என் வீட்டுக்காரரின் பழைய பெல்ட் ஒன்றைக் கட்டியிருக்கிறோம். தடுமாறினால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும், கடிவாளத்தை இழுத்து அதன் வாயை வலிக்கவைக்காது.

இப்போது ஐந்தரை மணிக்கு முதலில் நான் ஏறுகிறேன், இருபது நிமிடம். பிறகு சேணம் மாற்றி மகள். அவள் தனியாகவே ஓட்டுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை மகன், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்க, கடிவாளத்தைத் தானே வைத்துக்கொண்டு தென்னை வரிசை முடியும் வரை போய்த் திரும்பினான். பாதி வழியில் மல்லி புல்லுக்குக் குனிந்தது. நான் கை நீட்டுவதற்குள் அவன் "ம்ம், கிளம்பு" என்று குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினான். மல்லி வாயில் இருந்ததை மென்றுகொண்டே நடந்தது.