கூடாரத்துக்கு அடியில்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற பாதை முழுக்க இறக்கம். வழியில் 'கடல் மட்டம்' என்று எழுதிய இடம் வந்ததும் எல்லோரும் போட்டோ எடுத்தோம். அதற்குப் பிறகும் பேருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது, காது அடைத்தது. எரிகோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே இருக்கிறது.

இயேசுவைப் பார்க்கச் சகேயு ஏறிய காட்டத்தி மரம் என்று ஒன்றைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, பழைய எரிகோ புதைந்திருக்கும் டெல் எஸ் சுல்தான் மேட்டுக்குப் போனோம். ஞாயிறு பள்ளிப் படத்தில் பார்த்த, யோசுவா இஸ்ரவேலரோடு சுற்றிவந்ததும் விழுந்த பெரிய மதிலை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். காய்ந்த மண்மேடு, ஆழமான குழிகள். 1950களில் கேத்லீன் கென்யன் தோண்டிய குழியில் ஒரு கல் கோபுரம் நிற்கிறது. யோசுவாவுக்குப் பல ஆயிரம் வருடம் முந்தியதாம். மதில் விழுந்த காலம் பற்றி ஆய்வாளர்களின் கணக்கு வேறு என்று வழிகாட்டி சொல்ல, எங்களில் இரண்டு பேர் வெயிலில் நின்று வாதாடினார்கள்.

மேட்டுக்கு எதிரே எலிசா தீர்க்கதரிசியின் ஊற்று. ஊர் நல்லது, தண்ணீரோ கெட்டது என்று மக்கள் முறையிட்டதும், எலிசா வாய்க்காலுக்குப் போகாமல் ஊற்று புறப்படுகிற இடத்திலேயே உப்பைப் போட்டார். அங்கே நிழலில் உட்கார வைத்து எங்கள் சபைப் போதகரான ஐயர் வேதத்தில் யோசுவா 7ஆம் அதிகாரம் வாசித்தார்.

ஆகானின் கதை நமக்குத் தெரிந்ததுதான். எரிகோவின் கொள்ளையில் எதையும் எடுக்கக் கூடாது என்ற கட்டளையை மீறி அவன் எடுத்தது ஒரு பாபிலோனிய சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் பொன்பாளம். கூடாரத்துக்குள் குழி தோண்டிப் புதைத்தான். சின்ன ஊரான ஆயியின் மேல் போன 3,000 பேர் தோற்று ஓடினார்கள். 36 பேர் செத்தார்கள். அவர்களுக்கும் அந்தச் சால்வைக்கும் என்ன சம்பந்தம்? 'ஆகான் திருடினான்' என்று மட்டும் வேதம் நிறுத்தவில்லை, 'இஸ்ரவேல் பாவம் செய்தது' என்கிறது. சின்ன வயதில் இது அநியாயமாகப் பட்டது. அவனோடு அவனுடைய பிள்ளைகளும் கொல்லப்பட்டதை இன்றும் என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

ஆனால் அன்று வேறொன்று குத்தியது. கோத்திரம், வம்சம், வீடு என்று, குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் போட்ட சீட்டு ஒவ்வொரு படியாக நெருங்கி வருகிறது. ஆகான் கூட்டத்தில் நின்றுகொண்டே இருக்கிறான், வாய் திறக்கவில்லை.

எங்கள் கோயில் கட்டட நிதியை எண்ணுகிறவர்களில் நானும் ஒருவன். நோட்டில் இருந்த தொகை வங்கிப் புத்தகத்தில் இல்லை என்பதை முதலில் கண்டது நான்தான். பொறுப்பில் இருந்தவர், "அடுத்த மாசம் கட்டிடறேன், வெளிய சொல்லிடாதீங்க" என்றார். சரி என்றேன். கூரை பாதியில் நின்றது. முன்பு பொருளாளராக இருந்த பெரியவர்மேல் சந்தேகம் திரும்ப, அவர் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார். பாடகர் குழு இரண்டாகப் பிரிந்தது. வாரம் தவறாமல் பிடியரிசிக் காணிக்கை கொண்டுவந்த ஒரு அம்மா நிறுத்திவிட்டார். சபையில் ஏன் சமாதானம் இல்லை என்று உபவாச ஜெபம் வைத்தோம். நானும் முழங்காலில் நின்று, "ஏன் ஆண்டவரே?" என்று கேட்டேன்! அந்தத் தோல்விக்குப் பிறகு யோசுவா முகங்குப்புற விழுந்து கிடந்தபோது, எழுந்திரு, ஏன் இப்படிக் கிடக்கிறாய் என்றுதான் கர்த்தர் கேட்டார்.

வாசித்து முடித்த ஐயர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஊற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி எல்லோரும் குடித்தார்கள்.

திரும்பும்போது ஐயர் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன். ஆகான் குற்றவாளி என்று தெரிந்த பிறகும் யோசுவா அவனை 'மகனே' என்றுதான் கூப்பிடுகிறார். வாசித்தபோது அதுவும் காதில் விழுந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஐயர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாசமா தெரியும்?"

"பதினோரு மாசம் ஐயரே."

"அந்தப் பெரியவர் வீட்டுக்கு முதல்ல போவோம்" என்றார்.