உரிமக் கட்டணம் கட்டியாயிற்று. அந்தப் பணம் எங்கே நிற்கிறது?

அமெரிக்காவில் மருத்துவர், செவிலியர், கணக்காளர், முடிதிருத்துநர் என யாருக்கும் தொழில் உரிமம் தருவது மாநில வாரியங்கள்தான். அரசு வாரியம் என்பதால் வரிப்பணத்தில் நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. விண்ணப்பக் கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும்தான் அவற்றுக்குச் சோறு போடுகின்றன.

ஆனால் கட்டிய பணத்தை வாரியம் இஷ்டப்படி எடுத்துச் செலவழிக்க முடியாது. கலிஃபோர்னியாவில் அது வாரியத்தின் பெயரிலுள்ள சிறப்பு நிதியில் சேரும். ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் சட்டமன்றம் ஒதுக்கும் தொகையைத்தான் தொடலாம். நிதியில் பணம் கிடந்தும் விசாரணை அதிகாரி பணியிடத்துக்கு ஒதுக்கீடு இல்லாமல் புகார்கள் தேங்குவது இதனால்தான். டெக்சாஸில் மருத்துவர், பொறியாளர் உள்ளிட்ட பல தொழில்களில் உரிமக் கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 200 டாலர் வசூலித்தார்கள். பெயர் கட்டணம், தன்மை வரி. 2015-ல்தான் அது ரத்தானது.

கலிஃபோர்னியா வாரியத்தின் நிலைமை தெரிய, கூட்ட ஆவணங்களோடு வரும் நிதி நிலை அறிக்கையைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். 'எத்தனை மாதக் கையிருப்பு' என்று இருக்கும். ஆண்டு முடிவில் 30 லட்சம் டாலர் மிச்சம், அடுத்த ஆண்டுச் செலவு 120 லட்சம் என்றால், கையிருப்பு 3 மாதம். இந்த எண் ஆண்டுக்காண்டு இறங்கினால் கட்டண உயர்வு வாசலில் நிற்கிறது என்று பொருள். அப்படியே கடன் வரியையும் பாருங்கள். நெருக்கடிக் காலங்களில் மாநிலப் பொது நிதி இந்த நிதிகளிடம் கடன் வாங்கும். அது திரும்பி வராமலே கட்டணம் ஏறினால், உரிமதாரர்கள் இரண்டு முறை கட்டுகிறார்கள். இதைக் கேள்வி கேட்காமல் விடவே கூடாது.

பற்றாக்குறைக்கு முக்கியக் காரணம் ஒழுங்கு நடவடிக்கைச் செலவு. கலிஃபோர்னியாவில் வழக்கை நடத்துவது அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரின் அலுவலகம். அது வாரியத்துக்கு மணிக்கணக்கில் பில் போடும். 2019 ஜூலையில் வழக்கறிஞர் கட்டணம் மணிக்கு 170 டாலரிலிருந்து 220 ஆனது. சட்ட உதவியாளர் கட்டணம் 120-லிருந்து 205. செலவு இப்படி ஒரே நாளில் ஏறும். வரவோ சட்டத்தில் எழுதிய தொகையிலேயே நிற்கும். அதை மாற்ற மசோதா வேண்டும். கலிஃபோர்னியா மருத்துவ வாரியம் அப்படித்தான் சிக்கியது. இரண்டாண்டுக் கட்டணம் 783 டாலரிலிருந்து 2022-ல் 863 ஆனது. அதுவும் போதாமல், வாகனப் பரிசோதனை நிதியிலிருந்து கடன் வாங்க வேண்டி வந்தது. 2024-ல் கட்டணம் 1,151 டாலர்.

எதிர்ப்பக்கமும் ஒரு விதி உண்டு. கலிஃபோர்னியாவில் வாரியத்தின் கையிருப்பு அடுத்த இரண்டு ஆண்டுச் செலவைத் தாண்டினால் கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும். ஆகவே கையிருப்பு 24 மாதத்தை நெருங்கினால், குறைப்பு எப்போது என்று வாரியக் கூட்டத்தின் பொதுக்கருத்து நேரத்தில் கேளுங்கள்.