லாட்வியாவுக்குப் போன கித்துள் பிஸ்கட்

அக்காவின் மகன் கனடா இராணுவத்தில் இருக்கிறான். போன ஆண்டு அவனுடைய பிரிவை லாட்வியாவுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்டின் தலைநகர் ரீகாவுக்கு அருகிலுள்ள ஆடாஜி முகாமில் 2017 முதல் கனடாவின் தலைமையில் நேட்டோ படையணி ஒன்று நிற்கிறது. "சின்னம்மா, உங்கள் கையால் சுட்டு ஏதாவது அனுப்புங்கள், பிஸ்கட் என்றால் கூட இருப்பவர்களும் சாப்பிடுவார்கள்" என்று கேட்டான். ஆமிக்காரனுக்குப் பலகாரம் சுடுகிறேன் என்று திருகோணமலையில் சொல்லிப் பாருங்கள், முகங்கள் எப்படி மாறுகின்றன என்று தெரியும். பக்கத்து வீட்டு அக்கா வாய்விட்டே கேட்டார். அவருடைய வீட்டுக் கதை எனக்குத் தெரியும், அதனால் கோபிக்கவில்லை. எனக்கு அவன் தூக்கி வளர்த்த பிள்ளை, அவ்வளவுதான்.

என்ன சுடுவது என்பதைப் பார்சல் போகும் வழிதான் தீர்மானித்தது. அவனுடைய முகவரியில் லாட்வியா என்ற பெயரே கிடையாது. பெயர், பிரிவு, இராணுவத் தபால் எண், கடைசியில் ஒன்டாரியோ மாகாணத்து பெல்வில். கனடாவுக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால், மிச்ச வழியை இராணுவத் தபால் பார்த்துக்கொள்ளும். ஆகவே இங்கிருந்து ஸ்காபரோவில் உள்ள அக்காவுக்கு, அக்காவிடமிருந்து பெல்வில்லுக்கு, பிறகு கடல் தாண்டி. வாரக்கணக்கில் கிடக்கப்போகும் பெட்டிக்குள் சொக்லேட்டோ கிரீமோ வைப்பது வீண் வேலை.

முதல் உலகப் போர்க் காலத்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரின் நினைவாக அன்சாக் பிஸ்கட் என்று ஒன்று உண்டு. அதில் முட்டை சேராது, நாள்பட நிற்கும். அவர்கள் கோல்டன் சிரப் என்ற சீனிப் பாகு ஊற்றும் இடத்தில் நான் கித்துள் பாணி, அதாவது கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுத்த பாகு, ஊற்றினேன். கோதுமை மா, ஓட்ஸ், உலர்ந்த தேங்காய்ப்பூ ஒவ்வொரு கோப்பை, சீனி முக்கால் கோப்பை. பட்டர் 125 கிராமையும் பாணி இரண்டு மேசைக்கரண்டியையும் சேர்த்து உருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடாவைக் கொதிநீரில் கரைத்து அதில் விட்டால், பொன்னிறமாக நுரைத்துச் சட்டியின் விளிம்புவரை எழும்பும். அந்த நுரை அடங்குமுன் மாவில் கொட்டிக் கிளற வேண்டும். கித்துள் பாணி தண்ணீராக இருந்தால் பிஸ்கட் தட்டில் பரந்து ஓடிவிடும், கம்பிப் பதம் வரும்வரை முதலில் காய்ச்சுவது நல்லது. சீனிப் பாகைக் கலந்து கித்துள் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

160 பாகை செல்சியஸில் கால் மணி நேரம் போதும். ஆனால் கடற்காற்று இருக்கிறதே! காலையில் மொறுமொறு என்று இருந்தது மாலையில் இழுபடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்திலேயே இதை முடித்துவிட வேண்டும். வாடைக் காற்று தொடங்கி ஈரம் ஏறிவிட்டால் எந்த ஓவனும் கைகொடுக்காது. எனக்குக் கைகொடுத்தது தெருமுனைப் பேக்கரிக்காரத் தம்பியின் போறணை. பாண் எடுத்த பிறகு மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் சூட்டில் தட்டுகளை வைத்துவிட்டு வந்தேன். திரும்ப எடுத்தபோது ஒன்றை உடைத்துப் பார்த்தேன், 'டக்' என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் வராத பிஸ்கட்டைப் பார்சலில் வைக்காதீர்கள், வீட்டில் தேநீரோடு முடித்துவிடுங்கள்.

நன்றாக ஆறிய பிறகு இரண்டிரண்டாக முதுகு சேர்த்து எண்ணெய்த்தாளில் சுற்றி, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினேன். தகரப்பேணி அழகுதான், ஆனால் அதன் எடைக்கும் சேர்த்தல்லவா தபாற்செலவு கட்ட வேண்டும்? வறுத்த அரிசி முடிச்சு ஒன்றை ஈரத்துக்காக வைக்க நினைத்து, வெளிநாட்டுச் சுங்கத்தில் தானியம் வீண் கேள்விகளைக் கிளப்பும் என்று விட்டுவிட்டேன். இடைவெளிகளைக் கசக்கிய வீரகேசரிப் பத்திரிகைத் தாள் அடைத்தது.

தபாற்கந்தோருக்குப் பெட்டியை ஒட்டாமல் திறந்தபடியே கொண்டுபோனேன், அங்கே பார்த்த பிறகு ஒட்டினேன். சுங்கப் படிவத்தில் 'உணவுப் பொருள்' என்று மொட்டையாக எழுதாமல், வீட்டில் சுட்ட பிஸ்கட் என்று எடையோடும் பெறுமதியோடும் எழுதினேன். ஆண்டு முடிவு நெருங்கும் மாதங்களில் கனடாத் தபால் சேவை படையினருக்கான பார்சல்களை இலவசமாக ஏற்றுக்கொண்டதால், அக்காவுக்கு இரண்டாம் கட்டச் செலவு இருக்கவில்லை.

பிஸ்கட் உடையாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் நான் அடுக்கியதில் மேல் வரிசை முழுவதும் இல்லை. கேட்டால், "பழுதாகிவிட்டதா என்று பார்த்தேன் பிள்ளை" என்கிறார் அக்கா. இப்போதெல்லாம் அக்காவின் பெயர் எழுதிய ஒரு பொட்டலத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துத்தான் பெட்டியை மூடுகிறேன்.