பாங்காக்கில் ஒலிக்கும் திருவெம்பாவை

கணவருக்கு பாங்காக்கில் நான்கு மாத வேலை, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. சீலோம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்ன ஃப்ளாட் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். சந்துக்கு அங்கே 'சோய்' என்று பெயர். அவர் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். எனக்கு டிவி பார்த்துப் பழக்கமில்லை. சோய் சோயாக நடக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டவை குட்டிக் கோயில்கள்தான். வீடோ, கடையோ, வங்கியோ, வாசலில் ஒற்றைத் தூண்மேல் ஒரு சின்ன மாடம் நிற்கிறது. அந்த மண்ணைக் காக்கும் தெய்வத்துக்கு அது வீடாம். எங்கள் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா தினமும் காலையில் அங்கே சிவப்பு ஃபான்டா பாட்டில் ஒன்றைத் திறந்து, ஸ்ட்ரா போட்டு வைத்துவிட்டுக் கும்பிடுவார். ஸ்ட்ரா இல்லாமல் வைத்து நான் பார்த்ததே இல்லை. சாமி குடிக்க வேண்டுமே! எங்கள் ஊரில் முனீஸ்வரனுக்குச் சுருட்டைப் பற்றவைத்து வைப்பார்கள். அதே பாசம்தான். இரண்டாவது வாரத்திலிருந்து அந்த மாடத்தைத் தாண்டும்போது என் கையும் தானாகக் குவிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில். சீலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முக்கில் நம்மூர்க் கோபுரம் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்களுக்கு அது 'வாட் கேக்'. அதாவது விருந்தாளிகளின் கோயில்; இந்தியர்களை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். உள்ளே போனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் தாய்லாந்துக்காரர்கள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டில் செவ்வந்தி மாலையும் தேங்காயும் வாழைப்பழமும் ஏந்தி வரிசையில் நிற்கும் இளம் பெண்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. மாரியாத்தா யாருக்கும் விருந்தாளி இல்லை, எல்லோருக்கும் தாய்தான்.

அந்தக் கோயிலில்தான் பல வருடமாக அங்கேயே இருக்கும் ஒரு தமிழ்ப் பெரியவரிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன். "மார்கழி பொறந்தாச்சு ஐயா. ஒரு கோலம் இல்ல, ஒரு திருவெம்பாவை காதுல விழல." அவர் சிரித்தார். "திருவெம்பாவைதானே வேணும்? ஜனவரியில ஊஞ்சல் பக்கத்துக் கோயிலுக்குப் போங்கம்மா. ஐயருங்க பாடுவாங்க. தமிழ் ஐயரு இல்ல, இந்த ஊரு ஐயரு."

நான் நம்பவில்லை. மறுநாளே கிளம்பினேன்.

ஹுவா சாங் படித்துறையிலிருந்து சேன் சேப் கால்வாயில் படகு. அது ஒரு தனி அனுபவம். தண்ணீர் தெறிக்காமலிருக்க பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுத்து அதைத் தூக்க வேண்டும். தலைக்கவசம் போட்ட கண்டக்டர் படகின் வெளி விளிம்பில் நடந்துவந்தே காசு வாங்குகிறார். கடைசித் துறை பான் ஃபா. அங்கிருந்து தெற்கே பம்ருங் முவாங் சாலைக்கு நடந்தால் இரண்டு பக்கமும் சாமிக் கடைகள். ஆள் உயரப் புத்தர்கள் மஞ்சள் துணி சுற்றி நடைபாதையிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால், வாட் சுதத் கோயிலுக்கு எதிரே, சாலை நடுவில் வானத்துக்கு எழும்பி நிற்கிறது செக்கச் சிவந்த ஊஞ்சல் தூண். பலகை இப்போது இல்லை. முன்பெல்லாம் நான்கு நான்கு பேராக ஆடி, மூங்கில் கம்பில் தொங்கும் காசுப் பையை ஒருவர் பல்லால் கவ்வுவாராம். 1935-இல் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

கோயில் கொஞ்சம் தள்ளி, டின்சோ சாலையில். பெயர் தேவஸ்தான். முதலாம் ராமா மன்னர் 1784-இல் கட்டியது. கோபுரம் கிடையாது, வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, ஈசனுக்கும் பிள்ளையாருக்கும் பெருமாளுக்கும் தனித்தனிச் சந்நிதி. நான் போன நேரம் கதவு சாத்தியிருந்தது. வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். மனசு கேட்கவில்லை. பெரியவர் சொன்ன ஜனவரிக்காக நாளை எண்ணினேன்.

ஜனவரியில் அங்கே நடக்கும் விழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'த்ரியம்பவாய், த்ரிபவாய்'. திருவெம்பாவை, திருப்பாவை! வருடத்தில் பத்து நாள் ஈசன் பூமிக்கு இறங்கி வருகிறார், பிறகு ஐந்து நாள் நாராயணன் வருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்மூரிலும் ஆருத்ரா தரிசனத்துக்கு முன்னால் பத்து நாள்தானே திருவெம்பாவை. யார் கணக்கை யார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

விழா சமயத்தில் ஒரு சாயங்காலம் போய் சந்நிதியில் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். வெள்ளைக் கச்சமும் வெள்ளைச் சட்டையுமாக, நீண்ட கூந்தலைப் பிடரியில் முடிந்துகொண்டு பிராமணர்கள் வந்தார்கள். இவர்களுடைய முன்னோர்கள் தெற்கே உள்ள நக்கோன் சி தம்மராட் என்ற ஊர் வழியாக வந்தவர்கள். வாழை, கரும்பு, தேங்காய், நெல்பொரி எல்லாம் தட்டுத் தட்டாக வைத்திருந்தது. சங்கு ஊதினார்கள். அப்புறம் ஒருவர் ஏட்டைப் பிரித்து மெதுவாகத் தொடங்கினார்.

ஒன்றும் புரியவில்லை. நம் ராகமும் இல்லை, வார்த்தைகளும் தேய்ந்து, உருண்டு, வேறு மொழி மாதிரி ஓடின. சரி, நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு அடி முடிகிற இடத்தில் அவர் குரல் இழுத்து நின்றது. 'லோரிபாவாய்.'

ஏலோர் எம்பாவாய்!

அடுத்த பாட்டின் முடிவிலும் அதே. அதற்கடுத்ததிலும். நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த தாய் மூதாட்டி என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பொருள் தெரியாமல், ஒரு எழுத்தும் விட்டுவிடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாக மனசில் சுமந்திருக்கிறார்கள். மணிவாசகர் அண்ணாமலையில் பாடியதாகச் சொல்லும் பாட்டு கடல் தாண்டி வந்து, அரசர்களின் காவலில், இன்னும் ஈசனை எழுப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நாங்கள் புரண்டு படுத்த பாட்டு.

முடிந்ததும் எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார்கள். பொரி, ஒரு துண்டுக் கரும்பு, வாழைப்பழம்.

வீட்டுக்கு வந்ததும் மாயவரத்துக்கு போன் போட்டேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து பாடுபவள்.

"என்னடி சொல்ற? எப்படிச் சொல்றாங்க, இன்னொரு தடவ சொல்லு."

"லோரிபாவாய்ம்மா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, 'ஆதியும் அந்தமும் இல்லா' என்று எடுத்தாள். முதல் பாட்டு முழுக்கப் பாடினாள். முடிவில் வழக்கமான இடத்துக்கு வந்தபோது, அவர்கள் சொன்ன மாதிரியே இழுத்து முடித்தாள்.

"அந்தப் பொரியில எனக்குக் கொஞ்சம் எடுத்து வைடி" என்றாள்.